டிரெய்லர் டயர்களுக்குக் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

டிரெய்லரை இழுத்துச் செல்லும் இழுவை வண்டியின் டயரில் காற்று இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும், இருக்கை வழியாக அதிர்வு ஏறும், சாலையில் வண்டி மிதக்கும் தன்மை மாறும். தங்கும் வசதியோடு பின்னால் இழுபட்டு வரும் பயண டிரெய்லரில் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. இரட்டை அச்சில் ஓடும் நான்கு டயர்களில் ஒன்று முழுவதுமாகக் காற்றை இழந்தாலும், பக்கத்து டயர் அதன் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்வதால், முன்னால் அமர்ந்திருப்பவருக்கு எந்த மாற்றமும் புலப்படாது. எனக்கும் புலப்படவில்லை. பின்னால் வந்த ஒருவர் ஒலியெழுப்பி, ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் வண்டியை ஓரம் கட்டினேன். வலப்பக்கப் பின் டயரில் சாலையைத் தொடும் ட்ரெட் பட்டை முழுவதும் கழன்று போய், கிழிந்த பக்கச்சுவர் மட்டும் ரிம்மைச் சுற்றிக்கொண்டிருந்தது. கழன்ற பட்டை சுழலும்போது சாட்டையைப் போல மேலே அடித்ததில் மட்கார்டு பிய்ந்திருந்தது. பிரேக்குக்குச் செல்லும் மின்கம்பி அறுந்து தொங்கியது. தரைப்பலகையின் அடித்தகட்டில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. எவ்வளவு தொலைவு அப்படியே ஓட்டி வந்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மாற்று டயரை இறக்கிப் பார்த்தபோது, 65 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) இருக்க வேண்டிய அதில் 30 கூட இல்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு வாங்கிய கருவியைப் பற்றியதே இந்த மதிப்பீடு. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் சென்சார்கள் ஒன்பது, ஓட்டுநருக்கு முன்னால் பொருத்தும் ஒரு திரை, இடையில் சிக்னலை வாங்கி வலுவாக்கி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் ஆகியவை அந்தத் தொகுப்பில் இருந்தன. இழுவை வண்டிக்கு நான்கு, டிரெய்லருக்கு நான்கு, மாற்று டயருக்கு ஒன்று. இதே அமைப்பில் பல நிறுவனங்களின் தொகுப்புகள் சந்தையில் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் பெரிதும் ஒன்றேயாதலால், கீழே நான் சொல்லும் நிறைகளும் குறைகளும் ஒரு குறிப்பிட்ட பெயருக்கு மட்டும் உரியவை அல்ல.

புதிய கார்களில் இந்த வசதி தொழிற்சாலையிலேயே வருகிறதே, தனியாக ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து உருவான விதியின்படி, 2007 செப்டம்பர் முதல் 4,536 கிலோவுக்கு உட்பட்ட புதிய இலகு வாகனங்கள் அனைத்திலும் இக்கருவி கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. அமெரிக்க விதி டிரெய்லர்களுக்குப் பொருந்தாது என்பது ஒரு குறை. அதைவிட முக்கியமான இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அந்த விதி கேட்பது, உற்பத்தியாளர் குறித்த அழுத்தத்திலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்பது மட்டுமே. 35 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயரில் விளக்கு 26-ஐ நெருங்கும்போதுதான் எரியும் என்று இதற்குப் பொருள். தனியாக ஓடும் காருக்கு அது போதுமானதாக இருக்கலாம். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை, டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி வழியாகப் பின் அச்சின் மேல் அமர்ந்திருக்கும்போது 26 என்பது மிகவும் தாமதமான எச்சரிக்கை. என் இழுவை வண்டியில் வெறும் விளக்கு மட்டுமே உண்டு, எண்கள் தெரியா. எனவே அதற்கும் நான்கு சென்சார்களைப் பொருத்தினேன். ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் வண்டி வைத்திருப்பவர்கள் டிரெய்லருக்கு மட்டும் வாங்கினால் போதும் என்பது என் கருத்து.

பொருத்துவது எளிது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. சென்சாரைத் திருகுவது எளிதுதான். அதைத் தாங்கும் வால்வுத் தண்டைப் பற்றிப் பெட்டியில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு சென்சாரின் எடை ஏறத்தாழ 12 கிராம். டிரெய்லர்களில் பரவலாகக் காணப்படும் 15 அங்குல ரிம்மில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், வால்வு இருக்கும் இடத்தில் உண்டாகும் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல 90 மடங்குக்கும் அதிகம். அந்த 12 கிராம் அங்கே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிறது. ரப்பர் தண்டு அந்தப் பாரத்தில் ஒவ்வொரு பயணத்திலும் வெளிப்புறமாக வளைந்து, நின்றவுடன் நிமிர்ந்து, நாளடைவில் அடியில் வெடிப்பு விடத் தொடங்கலாம். சாதாரண ரப்பர் தண்டுகள் 65 பி.எஸ்.ஐ. வரைக்குமே செய்யப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும், 80 பி.எஸ்.ஐ. தேவைப்படும் டயரில் அவற்றுக்கு இடமே இல்லை. டயர் கடையில் நான்கு ரிம்களையும் கழற்றி, நட்டால் இறுக்கும் உலோகத் தண்டுகளை மாற்றிய பிறகே சென்சார்களைப் பொருத்தினேன். இந்தச் செலவையும் ஒரு நாள் உழைப்பையும் கருவியின் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். டயரைக் காப்பதற்காக வாங்கிய பொருளே டயரின் காற்றை வெளியேற்றும் காரணமாகிவிடக் கூடாது.

அலுமினியத் தண்டின் மேல் பித்தளை மரையுள்ள சென்சாரைத் திருகினால், ஈரமும் சாலையுப்பும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளச் செய்யும். பிறகு கழற்ற முயன்றால் தண்டே முறிந்து வரும். மரையில் ஒட்டாமல் இருப்பதற்கான பசையை மிகச் சிறிதளவு தடவுவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மீண்டும் பூட்டுவதும் போதுமான காப்பு. திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டுகளும் தொகுப்பில் வந்தன. அவசரத்தில் காற்றுப் பிடிக்க முடியாமல் போகும் என்பதால் நான் அவற்றைப் பயன்படுத்தவில்லை.

முதல் காலை எல்லாச் சென்சார்களையும் ஒரே டயரில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருகி, நல்ல முள் காற்றுமானி ஒன்றோடு ஒப்பிட்டேன். மானி 65 காட்டியபோது சென்சார்கள் 64, 65, 66 எனக் காட்டின. ஒன்று மட்டும் 63. எந்தச் சென்சார் எவ்வளவு பிசகுகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரைக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன். இந்த விலையில் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. பிசகை நான் குறையாகக் கருதவில்லை. சென்சார் எப்போதும் ஒரே அளவு பிசகுமானால் அதை வைத்து ஓட்டலாம். இன்று ஒன்று நாளை மூன்று என்று அலைந்தால்தான் அதைத் தூக்கியெறிய வேண்டும். இரண்டு ஆண்டுகளில் என்னுடையவற்றில் எதுவும் அப்படி அலையவில்லை.

எச்சரிக்கை எல்லைகளை நிர்ணயிப்பதில்தான் இந்தக் கருவியின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை அவசரமாகச் செய்பவர்கள் முதல் வாரத்திலேயே அலறும் ஒலிக்கு எரிச்சலடைந்து திரையை அணைத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அடிப்படை எண் குளிர்ந்த டயரின் எண்ணாக இருக்க வேண்டும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும் என்பது வழக்கமான வரையறை. என் அனுபவத்தில் அதோடு வெயில் ஏறுவதற்கு முன் அளப்பதும் தேவை. காலை ஒன்பது மணிக்குக் கிழக்கு வெயில் பட்டுக்கொண்டிருந்த பக்கத்து டயர்கள் இரண்டும் நிழல் பக்கத்து டயர்களைவிட 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டியதை ஒரு நாள் பார்த்தேன். ஓர் அடிகூட வண்டி நகரவில்லை.

டயருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் அதன் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 20 டிகிரி செல்சியஸில் 65 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், ஓட்டத்தில் உள்ளே 50 டிகிரியை எட்டினால் 73-ஐக் காட்டும். அது கோளாறு அன்று; அப்படி ஏறாவிட்டால்தான் ஐயப்பட வேண்டும். எதிர்த்திசையிலும் இதே கணக்குத்தான்: 30 டிகிரி வெப்பத்தில் 65 அடைத்துவிட்டு, மலைப்பகுதியில் 10 டிகிரி விடியலில் பார்த்தால் ஏறத்தாழ 60 மட்டுமே இருக்கும். இதை அறியாதவர் காற்று கசிகிறது என்று எண்ணிக் கலங்குவார். இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு டிரெய்லர் டயர்களுக்குக் கீழ் எல்லை 57, மேல் எல்லை 80, வெப்ப எல்லை 70 டிகிரி என வைத்திருக்கிறேன். அடிப்படை எண்ணிலிருந்து கீழே 12 விழுக்காடும் மேலே 23 விழுக்காடும் ஆகிறது இது. ஓட்டத்தின் நடுவில் 74 காட்டுகிறதே என்று சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடுவது பெருந்தவறு. டயர் குளிர்ந்ததும் அது தேவையைவிடக் குறைவான அழுத்தத்துக்கு வந்துவிடும், மறுநாள் பக்கச்சுவர் அளவுக்கு மீறி நெளியும், நெளிவு வெப்பமாகும், வெப்பம் அடுக்குகளைப் பிரிக்கும். என் டயர் கிழிந்ததற்கும் ஏதோ ஒரு வகையில் குறைந்த காற்றும் அதனால் எழுந்த வெப்பமுமே காரணமாக இருந்திருக்கும் என்று டயர் கடைக்காரர் கிழிந்த உட்புறத்தைக் காட்டிச் சொன்னார். ரப்பர் அங்கே நீலம் பாய்ந்து, விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

திரையில் வெப்பத்தையும் டிகிரியில் காட்டுகிறது. அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சென்சார் டயருக்கு வெளியே, எதிர்க்காற்றில் தொங்குகிறது. உள்ளே இருக்கும் வெப்பத்தைவிடக் குறைவாகவே அது காட்டும். அழுத்தமே அதைவிட நல்ல வெப்பமானி. 65-லிருந்து 73-க்கு ஏறியிருக்கிறது என்றால் உள்ளே ஏறத்தாழ 30 டிகிரி கூடியிருக்கிறது என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

எல்லையைத் தாண்டினால் மட்டும் திரையைப் பார்ப்பது பாதிப் பயனையே தரும். நான்கு டயர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் கருவி எனக்கு உண்மையில் உதவத் தொடங்கியது. நான்கும் ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஏறத்தாழ ஒரே பாரத்தோடு ஓடுகின்றன. எனவே நான்கும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்க வேண்டும். ஒரு பயணத்தில் மூன்று டயர்கள் 70, 71 என்று நின்றிருக்க, இடப்பக்க முன் டயர் மட்டும் 74-க்குப் போனது. வெப்பமும் மற்றவற்றைவிட 6 டிகிரி கூடுதலாகக் காட்டியது. எந்த எச்சரிக்கை எல்லையையும் அது தொடவில்லை, ஒலியும் எழவில்லை. அடுத்த நிறுத்தத்தில் டிரெய்லர்ச் சக்கரங்களின் நடுப்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். மூன்றில் கையை வைத்திருக்க முடிந்தது. நான்காவதில் கையைச் சட்டென்று எடுக்க நேர்ந்தது. பிரேக் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டு, ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே வந்திருந்தது. அப்படியே இன்னும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பேரிங்கின் கிரீஸ் உருகி வழிந்திருக்கும். காற்றழுத்தம் பார்க்க வாங்கிய கருவி பிரேக் கோளாறைக் காட்டிக்கொடுத்தது என்பதை இந்த இரண்டு ஆண்டுகளில் கிடைத்த மிகப்பெரிய பயனாகக் கருதுகிறேன்.

உண்மையான கசிவு ஒன்றையும் அது பிடித்தது. மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது, காற்று வேகமாகக் கசிவதைச் சொல்லும் தொடர் ஒலி எழுந்து, வலப்பக்க முன் டயரின் எண் சிவந்தது. 71 இருந்த இடத்தில் 68. நான் வேகத்தைக் குறைத்து இடம் தேடுவதற்குள் 66. அகலமான ஓரத்தில் நிறுத்தியபோது 61. ட்ரெட்டின் நடுவே கூரைத்தகடு பொருத்தும் திருகாணி ஒன்று தலைவரை இறங்கியிருந்தது. உரிய அழுத்தத்தில் 80 விழுக்காட்டுக்கும் கீழே ஓடிய டயரை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைப் பார்க்காமல் மீண்டும் காற்றடைத்து ஓட்டக் கூடாது என்பது கனரக வாகனத் துறையில் கடைப்பிடிக்கப்படும் நெறி. டிரெய்லர் டயருக்கும் அதைப் பின்பற்றுவது நல்லது. 65-க்கு அந்த எல்லை 52. நான் 61-இல் நிறுத்திவிட்டதால், உட்புறத்திலிருந்து ஒட்டுப்போட்டுப் பஞ்சரைச் சரிசெய்ததோடு அந்த டயர் தப்பியது. அதன் இணை டயரும் தப்பியது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். என் டிரெய்லர் முழுப் பாரத்தோடு 3,000 கிலோ. கொக்கியில் இறங்கும் 360 கிலோ போக மீதியை நான்காகப் பகிர்ந்தால் ஒரு டயருக்கு 660 கிலோ. 65 பி.எஸ்.ஐ.-யில் என் டயர் தாங்கக்கூடியது 1,152 கிலோ. ஒரு டயர் முழுவதும் போய்விட்டால் இணை டயரின் பங்கு அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். இதனால்தான் ஒரு டயர் வெடித்தவர்களில் சிலருக்குப் பிறகு அதே பக்கத்து மற்ற டயரும் வெடிக்கிறது. முதல் நிகழ்வில் கிழிந்த டயரோடு, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாதிருந்த அதன் இணையையும் நான் மாற்றியது இதை எண்ணித்தான்.

குறைகளில் முதலாவது, சிக்னல் அறுபடும்போது திரை நடந்துகொள்ளும் விதம். 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிறிய பொத்தான் பேட்டரியைக் கொண்டு அனுப்பப்படும் சிக்னல், இரும்புச் சட்டகத்தையும் அலுமினிய உடலையும் கடந்து பத்து மீட்டருக்கு முன்னால் வந்து சேர வேண்டும். ரிப்பீட்டரைப் பொருத்துவதற்கு முன், பின் டயர்கள் இரண்டும் அடிக்கடி மௌனமாகிவிட்டன. மௌனமானதை அந்தத் திரை உடனே சொல்வதில்லை. கடைசியாகக் கிடைத்த எண்ணையே, அப்போதுதான் வந்தது போல, நெடுநேரம் காட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநரும் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். எண்ணின் நிறத்தை மங்கலாக்குவது போன்ற எளிய அடையாளம் ஒன்று இருந்தால்கூடப் போதுமானது. இதைச் செய்யாதது வடிவமைப்பில் கடுமையான பிழை. வாங்குபவர்கள் இதை வீட்டு வாசலிலேயே சோதித்துக்கொள்ளலாம்: ஒரு சென்சாரைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துவிட்டு, திரை எத்தனை நிமிடத்தில் குறை சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ரிப்பீட்டரை டிரெய்லரின் முன்பக்கச் சாமான் அறையில், 12 வோல்ட் பேட்டரிக்கு அருகே பொருத்திய பிறகு சிக்னல் இரண்டு முறை மட்டுமே அறுபட்டது. டிரெய்லருக்கு வாங்குபவர்கள் ரிப்பீட்டர் இல்லாத தொகுப்பை வாங்க வேண்டாம்.

இரண்டாவது குறையை நானே கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. ஒரு டயர் மட்டும் இரவுதோறும் 2 பி.எஸ்.ஐ. இழந்துகொண்டிருந்தது. ட்ரெட்டில் ஆணி இல்லை, ரிம்மின் விளிம்பிலும் கசிவில்லை. கடைசியில் சோப்புநீரை வால்வின் மேல் ஊற்றிப் பார்த்தபோது, சென்சாரும் தண்டும் சேரும் இடத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றையடுத்து ஒன்றாக முளைத்தன. இவ்வகைச் சென்சார் பூட்டப்பட்டிருக்கும் வரை வால்வின் உள்ளூசியை அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. காற்றை அடைத்து நிறுத்துவது சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் ஒன்றுதான். அந்த வளையத்தில் மணல் துகள் ஒன்று ஒட்டியிருந்தது. துடைத்துப் பூட்டியதும் கசிவு நின்றது. ஒவ்வொரு முறை காற்றுப் பிடிக்கவும் சென்சாரைக் கழற்ற வேண்டியிருப்பதால் இப்படி மண் சேர வாய்ப்பு அதிகம். கழற்றாமலே காற்று நிரப்பக்கூடிய வகைச் சென்சார்களும் உண்டு; அவை இன்னும் நீளமானவை, கனமானவை, உலோகத் தண்டு இல்லாமல் அவற்றை நினைக்கவே கூடாது. ரிம்முக்குள்ளேயே பொருத்தும் வகை வெப்பத்தைச் சரியாகக் காட்டும், வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. ஆனால் பேட்டரி தீர்ந்தால் டயரைக் கழற்ற வேண்டும். டயர் மாற்றும் தறுவாயில் இருப்பவர்கள் அந்த வகையைக் கருதிப் பார்க்கலாம். எனக்கு, பேட்டரியை நானே மாற்றக்கூடிய இந்த வகையே பொருந்துகிறது. சி.ஆர்.1632 பேட்டரிகள் ஓராண்டுக்குச் சற்று மேல் உழைத்தன.

உயரமான இடங்களுக்குச் செல்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும், அதனால் சாதாரண காற்றுமானி டயரின் அழுத்தத்தை அதே அளவு கூடுதலாகக் காட்டும். சென்சார்களில் சில, உள்ளிருக்கும் முழு அழுத்தத்தை அளந்து அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தத்தை மாறா எண்ணாகக் கழித்துக் காட்டுகின்றன. என்னுடையது அந்த வகை. மலையுச்சி முகாமில் மானி 65 காட்ட, திரை 62 காட்டியது. இரண்டும் அதனதன் முறையில் சரியே. காரணம் தெரியாமல் காற்றை ஏற்றி இறக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நண்பகல் வெயிலில் எண்கள் மங்குகின்றன, ஒலி போதுமான உரப்பில் இருக்கிறது, டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் எடுத்துச் செல்லும்போது டிரெய்லர் டயர்களைத் தனித்தொகுதியாக அணைத்து வைக்க முடிகிறது. இந்தக் கடைசி வசதி இல்லாத திரையை வாங்கினால், கடைக்குச் சென்று திரும்புவதற்குள் சிக்னல் காணோம் என்று நான்கு முறை அலறும்.

எதை இந்தக் கருவியால் சொல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ட்ரெட் பிரிந்துகொண்டிருக்கும் டயரில் காற்று கடைசி நொடிவரை முழுமையாக இருக்கலாம். கருவி எதையும் சொல்லாது. ஆகவே டயரைக் கண்ணால் பார்ப்பதை, ட்ரெட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டி மேடு பள்ளம் தட்டுகிறதா என்று பார்ப்பதை, இது வந்த பிறகு நான் விட்டுவிடவில்லை. டிரெய்லர் டயர்கள் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, நின்றபடியே வயதாகிச் சாகின்றன. பக்கச்சுவரில் பொறித்த குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அவை தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயரை, ட்ரெட் புதிது போல இருந்தாலும், நான் நெடும்பயணத்துக்கு எடுத்துச் செல்வதில்லை. அதுபோல, டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களில் பல மணிக்கு ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வேகத்துக்கே தரப்படுத்தப்பட்டவை. அதைத் தாண்டி ஓட்டுபவரின் திரையில் எண்கள் ஏறுவதை இக்கருவி காட்டும். வேகத்தைக் குறைக்க வேண்டியது அவர்தான்.

இந்த வகைக் கருவியைப் பயண டிரெய்லர் வைத்திருக்கும் எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்: உலோகத் தண்டும் ரிப்பீட்டரும் சேர்ந்திருந்தால், எல்லைகளைத் தாமே கணக்கிட்டு வைக்கப் பொறுமை இருந்தால். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது தரும் நிம்மதி பொய்யானது. பழைய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்தத் திரைக் குறைக்காகவும், கையேட்டில் வால்வுத் தண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லாததற்காகவும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.

ஒன்பதாவது சென்சாரை மாற்று டயருக்குப் பொருத்துவது வீண் என்று சிலர் சொன்னார்கள். சுழலாத டயர் என்பதால் அது நெடுநேரத்துக்கு ஒருமுறைதான் சிக்னல் அனுப்புகிறது, உண்மைதான். சென்ற மாதம் பயணத்துக்கு முந்தைய மாலை திரையைத் திறந்தபோது எட்டு டயர்களும் சரியாக இருந்தன. மாற்று டயர் மட்டும் 48 காட்டியது. கொக்கி பூட்டும் முன் அதற்கும் 65 வரை காற்றடைத்துவிட்டுப் புறப்பட்டேன்.